ஆட்டிசக் குழந்தைக்குத் தெரபி மையம் தேர்ந்தெடுப்பது எப்படி?

மருத்துவர் 'ஆட்டிசம்' என்று எழுதிக் கொடுத்த வாரத்திலேயே பெரும்பாலான வீடுகளில் கைப்பேசியை எடுத்துத் தெரபி மையம் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். எல்லா மையத்தின் படத்திலும் ஊஞ்சல் இருக்கும், வண்ணப் பந்துகள் இருக்கும். உங்கள் குழந்தைக்கு எது சரிவரும் என்பதை மட்டும் அந்தப் படங்கள் சொல்லாது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பெற்றோருக்காக, தமிழ்நாட்டில் உள்ள வசதிகளை வைத்து இதை எழுதுகிறேன். நானும் இதே தேடலில் அலைந்த தாய்தான்.

படி 1: காது, பிறகு மதிப்பீடு

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். ஓஏஇ, பெரா என்று இரண்டு சோதனைகள் உண்டு; வலி இல்லாதவை. "டிவி விளம்பரம் வந்தால் ஓடி வருகிறானே, காதுக்கு என்ன?" என்று பாட்டி கேட்பார். கேட்கட்டும், சோதனையை விடாதீர்கள்.

பதினாறு முதல் முப்பது மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம் தமிழிலும் இருக்கிறது. அது முதற்கட்டச் சோதனை மட்டுமே. அதை வைத்து ஆட்டிசம் என்றோ இல்லை என்றோ முடிவு கட்ட முடியாது. முழு மதிப்பீட்டுக்கு அரசு மருத்துவமனைகளோடு இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குப் போங்கள். மருத்துவமனையில் 'டிஇஐசி' என்று கேட்டால் வழி காட்டுவார்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் இயங்குவதால் கட்டணம் இல்லை. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டிவரும். ஆனால் மதிப்பீடு முடியும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆட்டிசமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், பேச்சு தாமதமாகும் குழந்தைக்கு அது தேவைதான்.

படி 2: மூன்று தேவைகளை எழுதுங்கள்

மையத்துக்குப் போகும் முன் ஒரு நோட்டில் மூன்றே மூன்று விஷயங்கள். 'பேச வேண்டும்', 'எல்லோரையும்போல ஆக வேண்டும்' என்று எழுதாதீர்கள். அன்றாடம் எங்கே இடிக்கிறது என்று எழுதுங்கள். தாகம் எடுத்தால் கேட்கத் தெரியாமல் தலையைச் சுவரில் மோதுகிறான். தயிர் சாதம் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டாள். மிக்ஸி ஓடினால் அலறுகிறான்.

இந்தப் பட்டியல்தான் யாரிடம் போவது என்பதைத் தீர்மானிக்கும். கேட்கவும் சொல்லவும் தெரியாத சிக்கலுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட். வாய்ப்பேச்சு மட்டும் அவர் வேலை அல்ல; விரலால் சுட்டுவது, படம் கொடுத்துக் கேட்பது, டேப்லெட்டில் தொட்டுச் சொல்வது எல்லாம் அதில் சேரும். படத்தைப் பழக்கினால் பேச்சு வராது என்று பலர் பயமுறுத்துவார்கள்; ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சாப்பாடு, உடை, சத்தம், தொடுகை சார்ந்தவற்றுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பள்ளிக்கு ஆயத்தம் செய்ய சிறப்பாசிரியர். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் குழந்தை களைத்துப்போகும், உங்கள் பணமும் கரையும். மிகவும் இடிக்கும் ஒன்றில் தொடங்குங்கள்.

படி 3: மையத்தில் கேட்க வேண்டியவை

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. முதலில், வரவேற்பறையில் பேசுபவரோடு நிற்காமல், குழந்தையோடு உட்காரப்போவது யார் என்று கேளுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் அந்தக் கவுன்சிலின்கீழ் வரமாட்டார்கள். அவர்களிடம் பட்டம் என்ன, எங்கே படித்தது என்று கேளுங்கள்.

அடுத்து, "நான் உள்ளே உட்காரலாமா?" பெற்றோர் இருந்தால் குழந்தை ஒத்துழைக்காது என்று சில மையங்கள் கதவைச் சாத்திக்கொள்ளும். ஓரிரு நாள் அது உண்மையாகவும் இருக்கலாம். மாதக்கணக்கில் கதவு திறக்கவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் அங்கே கற்பது, மீதி நேரம் முழுவதும் வீட்டில் தொடர்ந்தால்தான் நிலைக்கும். உள்ளே என்ன நடந்தது என்றே தெரியாத தாய் வீட்டில் எதைத் தொடர்வாள்? கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தே பெற்றோர்-குழந்தை உறவாடலை மேம்படுத்தினார்கள். ஆகவே எத்தனை மணி நேரம் என்பதைவிட, வீட்டில் செய்ய என்ன சொல்லித் தருகிறார்கள் என்பதே என் முதல் அளவுகோல்.

"அழுதால் என்ன செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள். கையைப் பிடித்து உட்கார வைப்போம், அடங்கிவிடுவான் என்று பதில் வந்தால் எழுந்துவிடுங்கள். ஏபிஏ போன்ற நடத்தைப் பயிற்சிகள்பற்றி ஆட்டிச நிலையில் உள்ள பெரியவர்களே விமர்சனம் செய்வது இந்த அடக்கும் போக்கைத்தான். குழந்தை திரும்பத் திரும்பக் கையை உதறுவது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை என்றால், அதை நிறுத்துவதை ஓர் இலக்காக எழுத விடாதீர்கள்.

வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்னால் கேட்க வேண்டாம். இரு மொழிகள் ஆட்டிசக் குழந்தையின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாகச் சான்று இல்லை. தாத்தாவோடு பேச முடியாத குழந்தையாக அதை ஆக்குவதில் என்ன லாபம்?

குணப்படுத்திவிடுவோம் என்று உறுதி கொடுப்பவர், ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கேட்பவர், ஸ்டெம் செல் ஊசி போடச் சொல்பவர் ஆகிய மூவரிடமும் பேச்சை நீட்டாதீர்கள். ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியமே 2022-இல் சொல்லிவிட்டது.

படி 4: காகித வேலை

ஆட்டிசம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஆட்டிசத்தை அளக்கும் 'ஐசா' என்ற இந்திய அளவுகோலில் மதிப்பிட்டு, மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் யுடிஐடி என்ற அடையாள அட்டையும் தருவார்கள். சிறு குழந்தைக்குத் தற்காலிகச் சான்று கிடைத்தால் காலாவதித் தேதியைக் குறித்து வையுங்கள். சான்று வந்ததும் மத்திய அரசின் 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான அந்தக் காப்பீட்டில் தெரபிச் செலவில் ஒரு பகுதியும் அடங்கும். ரசீது இல்லாமல் பணம் கட்டாதீர்கள். அரசு உதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மையங்களின் விவரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும்.

படி 5: மூன்று மாதம் கழித்து

சேரும்போதே இலக்குகளை எழுதி வாங்குங்கள். 'கவனம் கூடும்' என்பது இலக்கு ஆகாது. 'தண்ணீர் வேண்டும் என்றால் டம்ளரைச் சுட்டிக்காட்டுவாள்' என்பது இலக்கு. மூன்று மாதம் கழித்து அந்தத் தாளையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அசைவே இல்லை என்றால் இலக்கு பெரிதா, முறை தவறா என்று தெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார், திட்டத்தை மாற்றுவார்.

மையத்தையே மாற்ற முடிவு செய்தால் மதிப்பீட்டு அறிக்கைகள், இலக்குத் தாள்கள், குழந்தை பயன்படுத்திய பட அட்டைகள் அனைத்தின் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். இல்லாவிட்டால் புதிய இடத்தில் முதல் ஒரு மாதம் பழைய பாடத்திலேயே போய்விடும், அதற்கும் நீங்கள்தான் கட்டணம் கட்டுவீர்கள்.