குடும்பத்தோடு இத்தாலிய உணவகத்துக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் தமிழ் வீடுகளில் பிறந்தநாள், பட்டமளிப்பு என்று ஏதாவது வந்தால் பிரியாணி வீட்டிலேயே ஆகிவிடும். வெளியே போய்ச் சாப்பிடலாம் என்றால் பிள்ளைகள் முதலில் சொல்வது இத்தாலிய உணவகத்தைத்தான். அதிலும் பெரிய தட்டுகளில் பாஸ்தா, பீட்சா, சாலட் எல்லாம் மேசை நடுவில் வந்து, ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும் உணவகங்கள் நம் கூட்டத்துக்கு நன்றாகப் பொருந்துகின்றன. ஆனாலும் பத்துப் பேர் உட்கார்ந்த மேசையில் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஆயா (பாட்டி), பூண்டு ரொட்டி இரண்டு துண்டும் கொஞ்சம் சாலடும் எடுத்துக்கொண்டு "எனக்குப் போதும்பா" என்று கையைத் துடைத்துவிடுகிறார். அவருக்குப் பசி இல்லாமல் இல்லை. எந்தத் தட்டில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்காக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நம் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி விசாரிக்க ஒருவர் நிற்பார். எந்த இலையில் என்ன குறைகிறது என்று பார்ப்பதே அவர் வேலை. உணவகத்துக்குப் போகும்போது அந்த வேலையை யாருக்கும் கொடுக்காமல் விட்டுவிடுகிறோம். பரிமாறுகிறவர் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு. அவர் தட்டைக் கொண்டுவந்து வைப்பார். யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்று பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். கிளம்பும் முன்பே குடும்பத்தில் ஒருவர் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தவறு தொடங்குவது மேசை முன்பதிவு செய்யும் தொலைபேசி அழைப்பில்தான். "பத்துப் பேர், ஏழு மணிக்கு" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். பத்தில் எத்தனை பேர் சைவம், யார் விரதம், யார் மாட்டிறைச்சி தொடமாட்டார் என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். செப்டம்பர் 24 பாரம்பரிய தினம் பொது விடுமுறை. பல குடும்பங்கள் ஒன்றுகூடி வெளியே சாப்பிடும் நாள் அது. அது புரட்டாசியில்தான் விழுகிறது. மாதம் முழுவதும் கவிச்சி தொடாமல் இருக்கும் பெரியவரை அழைத்துக்கொண்டு போய், மேசையில் உட்கார்ந்த பிறகு "உங்களுக்கு என்ன இருக்கிறதோ பார்ப்போம்" என்பது மரியாதை ஆகாது. முன்பே சொன்னால் சமையலறை தனியாக ஒரு வாணலியை வைத்துச் செய்துதரும். நிறைந்த சனிக்கிழமை இரவில் எட்டு மணிக்குக் கேட்டால் அவர்களாலும் முடியாது.

வெஜிடேரியன் என்று சொன்னால் போதும் என்று நம்புவது அடுத்த தவறு. பெரிய தவறும் இதுதான். இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதியால் பாலைத் திரித்துச் செய்யப்படுவது. கிரானா படானோவும் அப்படியே. பெக்கொரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். பாஸ்தாவின் மேல் துருவித் தூவுவது பெரும்பாலும் இந்தச் சீஸ்களில் ஒன்றுதான். துளசி வாசத்தோடு பச்சையாக வரும் பெஸ்தோவிலும் அது அரைபட்டிருக்கும். நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட்டால் செய்த பார்மசான் வகைகளும் கடைகளில் உண்டு. ஆகவே எந்தச் சீஸ் என்று கேட்பதில் பொருள் இருக்கிறது. பொட்டலத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ரிசோத்தோ என்ற அரிசி உணவை வேகவைக்கும் சாறு பல சமையலறைகளில் கோழிச்சாறு. மினெஸ்த்ரோனே சூப்பில் காய்கறிதான் தெரியும், ஆனால் பன்றிக் கொழுப்பில் தாளித்திருக்கலாம், அல்லது இறைச்சிச் சாறு விட்டிருக்கலாம். பூத்தனேஸ்கா என்ற தக்காளிக் குழம்பிலும் சீசர் சாலடின் குழம்பிலும் நெத்திலி வகை மீன் கரைந்திருக்கும்; கண்ணுக்குத் தெரியாது. புதிதாகப் பிசைந்து செய்யும் தாலியாத்தெல்லே போன்ற பாஸ்தாக்களில் முட்டை உண்டு. காய்ந்த ஸ்பாகெட்டி, பென்னே பொதுவாகக் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும்.

கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இந்த நாட்டில் இத்தாலியர்களும் நம்மைப் போல வந்து வேரூன்றியவர்கள்தான்; இரண்டாம் உலகப் போரில் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் சிலர் இங்கேயே தங்கினார்கள். அந்தக் கைதிகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கட்டிய கல் தேவாலயம் இன்னும் இருக்கிறது. குடும்பமாக நடத்தும் உணவகத்தில் முதலாளியே மேசை மேசையாக வந்து விசாரிப்பது வழக்கம். விரதம் என்று சொன்னால் அவருக்குப் புரியும். ஈஸ்டருக்கு முன் இறைச்சி விலக்கும் வழக்கம் அவர்களுக்கும் உண்டு.

சீஸ் வேண்டாதவருக்கு வழி இல்லாமல் இல்லை. பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மிளகாயும் மட்டும் போட்ட ஆலியோ எ ஓலியோ ஸ்பாகெட்டி. தக்காளியும் மிளகாயும் சேர்ந்த பென்னே அர்ராபியாத்தா, மேலே சீஸ் தூவாமல். நேப்பிள்ஸின் பழைய மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஒரிகனோ, எண்ணெய் தவிர வேறொன்றும் கிடையாது. ஆனால் எச்சரிக்கை: நம் ஊர் மெனுக்களில் மரினாரா என்ற பெயரில் இறாலும் கணவாயும் வருவதும் உண்டு. கேட்காமல் சொல்லிவிடாதீர்கள்.

டர்பனுக்கே உரிய இன்னொரு குழப்பம் ஹலால் பலகை. ஹலால் என்று பார்த்ததும், பன்றி இல்லை, கவலை இல்லை என்று உள்ளே போகிறார்கள். அங்கே பேக்கன் என்ற பன்றி இறைச்சிக்குப் பதிலாக மேக்கன் என்று வருவது பெரும்பாலும் மாட்டிறைச்சி. மற்ற இடங்களில் பொலோனேஸே குழம்பில் மாடும் பன்றியும் சேர்ந்தே இருக்கலாம். மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டுக்காரர்கள் இரண்டு இடத்திலும் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது.

இனி, ஆளுக்கு ஒன்று சொல்லும் பழக்கம். ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் பன்னி சௌ கடையில் ஆளுக்குக் கால் பன்னி என்று வாங்கிப் பழகிவிட்டோம். இங்கே ஒரு தட்டு மூன்று நான்கு பேருக்கானது. பத்துப் பேரும் பத்துப் பெயரைச் சொன்னால் மேசையில் கை வைக்க இடம் இருக்காது; பாதி மிஞ்சும், பில் எகிறும். இப்படி நடுவில் குவித்து வைத்துச் சாப்பிடும் முறை அமெரிக்காவுக்குக் குடியேறிய இத்தாலியர்கள் வழியாகப் பரவியது. நியூயார்க்கின் கார்மைன்ஸ் போன்ற உணவகங்கள் 1990களில் அதற்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்தன. இத்தாலியில் பாஸ்தா ஆளுக்கொரு தட்டில் முதலில் வரும், இறைச்சியோ மீனோ அதற்குப் பிறகு. இங்கே எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிடக்கூடும் என்பதால், எப்போது எது வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பத்துப் பேருக்கு முன்னுணவு இரண்டு, பாஸ்தா இரண்டு, பீட்சா இரண்டு, ஒரு சாலட் என்று தொடங்கலாம். தட்டு எத்தனை பேருக்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பற்றாவிட்டால் இன்னொன்று சொல்லப் பதினைந்து நிமிடம் போதும்.

பாஸ்தா காத்திருக்காது. பல்லில் லேசாகத் தட்டுப்படும் பதத்தில் இறக்கிக் குழம்பில் புரட்டி அனுப்புகிறார்கள். எல்லோரும் படம் எடுத்து முடிப்பதற்குள் அது குழம்பை உறிஞ்சிக்கொண்டு கட்டியாகிவிடும். ஸ்பாகெட்டி வந்தால் பந்தி விசாரிக்கிறவர் இடுக்கியால் ஒரு பிடி எடுத்து உயரத் தூக்கி, இழைகள் பிரியும் வரை பொறுத்து, பிள்ளையின் தட்டில் சுற்றி இறக்கட்டும். அடியில் தேங்கிய குழம்பை ஒரு கரண்டி எடுத்து மேலே விட வேண்டும். இல்லையென்றால் முதலில் எடுத்தவருக்கு வெறும் பாஸ்தா, கடைசியில் எடுத்தவருக்கு வெறும் குழம்பு. சிறுவர்களும் பல் இல்லாத தாத்தாவும் இருந்தால் பென்னே, லசான்யா போன்றவை நல்லது. லசான்யாவை மேசைக்கு வரும் முன்பே வெட்டித் தரச் சொல்லலாம்.

மிளகாய் விஷயத்தில் நம்மவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். தென்னாப்பிரிக்க பீட்சா கடைகளில் நறுக்கிய பச்சை மிளகாயும் பூண்டும் எண்ணெயில் ஊறிச் சின்னக் கிண்ணங்களில் வரும். அதைக் கண்டதும் மாமா ஒருவர் கிண்ணத்தோடு கவிழ்த்துவிடுவார், பொதுத் தட்டின் மேல். ஐந்து வயதுப் பேத்திக்கு இனி அந்தத் தட்டு இல்லை. தன் தட்டில் எடுத்துக்கொண்ட பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், காரம் தின்ன இத்தாலியரும் தயங்குவதில்லை. தென் இத்தாலியின் கலாப்ரியாவில் மிளகாய் இல்லாத சமையலறையைக் காண்பது அரிது.

எச்சில் பார்ப்பவர்கள் நாம். ஆனால் உணவகத்தில் மட்டும் அதை மறந்து சொந்த முள்கரண்டியையே பொதுத் தட்டில் விடுகிறோம். ஒவ்வொரு தட்டுக்கும் தனிக் கரண்டி கேளுங்கள். சைவத் தட்டுகளை மேசையின் ஒரு பக்கமாகச் சேர்த்து வைத்து, ஆயாவையும் அந்தப் பக்கம் உட்கார வையுங்கள். பாதி கோழி, பாதி காய்கறி என்று ஒரே பீட்சாவாக வாங்குவது சிக்கனம்தான். ஒரே கத்தி இரண்டு பாதியிலும் உருளும். விரதக்காரருக்குத் தனி பீட்சா, தனியாக வெட்டித் தரச் சொல்லுங்கள்.

ரொட்டியால் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். இனிப்பில், திராமிசுவில் முட்டையும் காப்பியும் உண்டு, பல இடங்களில் மதுவும் உண்டு. பன்னா கொத்தாவை உறைய வைப்பது ஜெலட்டின். பழச்சாற்றில் செய்த சோர்பெத்தோ பெரும்பாலும் எல்லோருக்கும் ஆகும்.

பில் வரும்போது நடக்கும் இழுபறி நமக்குத் தெரிந்ததே. சித்தப்பாவும் மாமாவும் பர்சை நீட்டிக்கொண்டு நிற்க, பரிமாறுகிறவர் நடுவில் தவிப்பார். யார் கொடுப்பது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். மெனு விலையில் 15 சதவீத வாட் வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கும். டிப்ஸ் வேறு: 10 முதல் 15 சதவீதம் வழக்கம். எட்டு, பத்துப் பேருக்கு மேற்பட்ட மேசைக்குச் சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே சேர்த்துவிடும் உணவகங்கள் உண்டு; பார்க்காமல் இரண்டு முறை கொடுப்பவர்களும், சேர்த்திருப்பார்கள் என்று நினைத்து ஒன்றும் வைக்காமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது கொடுமையானது, ஏனென்றால் பரிமாறுகிறவர்களில் பலர் டிப்ஸை நம்பித்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

மிஞ்சியதைப் பார்சல் கேட்க வெட்கம் வேண்டாம். தக்காளிக் குழம்பு பாஸ்தா மறுநாள் கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சூடாக்கினால் நன்றாகவே இருக்கும். கிரீம் போட்டது திரிந்துபோகும், அதை மேசையிலேயே முடித்துவிடுங்கள். பிப்ரவரிக் கோடை வெயிலில் பார்சலைக் காரில் வைத்துவிட்டுக் கடற்கரையில் நடக்கப் போகாமல், இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.