வெடிமருந்து ஊறிய மண்ணில் செடி நடுவோர் விடும் பிழைகள்

குழை தாழ்ப்பது நம் தோட்டக்காரரின் கைப்பழக்கம். வேலியில் வெட்டிய பூவரசங்குழையையும் கிளிசரியாவையும் மண்ணுக்குள் போட்டு மூடிவிடுவோம். வெடிமருந்தை இழுக்கவென்று செடி நட்ட காணியில் இந்த நல்ல பழக்கமே பெரிய பிழையாகிவிடும்.

குண்டுகளிலும் எறிகணைகளிலும் நிரப்பும் ஆர்டிஎக்ஸ் என்ற வெடிமருந்து வேரோடு நிற்காது. தண்ணீரோடு தண்டேறி இலைக்குப் போகும். அங்கே பெரும்பாலும் சிதையாமல் கிடக்கும். அந்தக் குழையைத் தாழ்த்தால் எடுத்த நஞ்சு எடுத்த இடத்துக்கே திரும்பும். ஆட்டுக்குக் கட்டினால் இன்னும் மோசம். உதிர்ந்த சருகையும் விடாமல் கூட்டி, மழை படாமல் சாக்கில் கட்டி வையுங்கள். கொளுத்த வேண்டாம். என்ன செய்வதென்று மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கேளுங்கள்.

டிஎன்டி என்ற மற்ற வெடிமருந்து வேறு மாதிரி, வேரிலேயே பிடித்துக்கொள்ளும். வெட்டிவேர் அதை நன்றாக எடுக்கும் என்று ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். சரி, நடலாம். ஆனால் வெட்டிவேர் என்றதும் நமக்கு மண்பானைத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். அந்தக் காணியில் பிடுங்கிய ஒரு வேர்கூடப் பானைக்குள் போகக்கூடாது. நஞ்சு வேரின் உள்ளேயே இருப்பதால் எத்தனை தரம் கழுவினாலும் போகாது.

புல் நட்டு மண்ணின் ஆர்டிஎக்ஸை அகற்றியதாக 2021இல் வெளியான அமெரிக்க வயல் ஆய்வைக் கேள்விப்பட்டு, எந்தப் புல்லும் போதும் என்று நினைக்கிறார்கள். அங்கே நட்டது பக்டீரியாவின் மரபணு ஏற்றிய சுவிட்ச்கிராஸ் என்ற அமெரிக்கப் புல். ஆர்டிஎக்ஸை அது தனக்குள்ளேயே உடைத்தது. நம் வேலிக்கரைப் புல்லால் அது முடியாது.

மண்ணைச் சோதிக்காமல் நடுவதும் வீண்வேலை. டிஎன்டி கூடிய மண்ணில் செடி வளராமல் குன்றிப்போகும்.

செடி மிதிவெடியை அகற்றாது என்பதையும் சொல்லவேண்டும். யாழ். குடாநாட்டில் முகமாலையோ வலிகாமம் வடக்கோ, வெடி அகற்றி முறைப்படி ஒப்படைத்த காணி என்று உறுதியாகாமல் மண்வெட்டியைத் தூக்கவே வேண்டாம். ஒப்படைத்த காணியிலும் துருப்பிடித்த இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் தொடாதீர்கள். வந்த அடியிலேயே திரும்பிப் போய்ப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் தண்ணீர். செடி வாடுகிறதே என்று வாய்க்கால் நிறையப் பாய்ச்சினால், மண்ணில் ஒட்டாத ஆர்டிஎக்ஸ் கீழே இறங்கும். கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், அதன் பிளவுகளில் தேங்கிய மழைநீர்தான் நம் கிணறுகளில் ஊறுகிறது. வாழ்நாள் முழுதும் குடிக்கும் நீரில் ஆர்டிஎக்ஸ் இதற்கு மேல் இருக்கக்கூடாது என்று அமெரிக்காவில் பரிந்துரைத்த அளவு லீற்றருக்கு 2 மைக்ரோகிராம்தான். வேர் நனையுமளவு மட்டும் ஊற்றுங்கள். மாரிக்கு முன்னும் மழை விட்ட பின்னும் கிணற்றுநீரைச் சோதனைக்குக் கொடுங்கள், பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்து.