நாவல் எழுதுகிறவர் வீட்டில் பூனை இருந்தால்: நான் செய்து பார்த்த தவறுகள்

போன மார்கழியில் என் நாவலின் பதினேழாவது அத்தியாயத்தில் ஒன்றரைப் பக்கத்துக்கு வெறும் ‘ளளளளள’ என்று ஓடியிருந்தது. எழுதியது அம்மிணி. நான் டீ போட எழுந்து போன ஐந்து நிமிடத்தில் லேப்டாப் மேல் ஏறிப் படுத்துவிட்டாள். அழிக்க ஒரு நொடி போதும். ஆனால் அன்றைக்கு அதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. பழியைப் பூனை மேல் போட்டேன். உண்மையில் கதை எங்கே போகிறதென்று தெரியாமல்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். டீக்கு எழுந்ததே அதனால்தான்.

பெரிய தவறு முந்தின நாளே நடந்திருந்தது. நன்றாக ஓடுகிறதே என்று அத்தியாயத்தை முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, திருப்தியாக எழுந்திருந்தேன். கிணற்றைச் சேறு வரை இறைத்துவிட்டு விடிந்ததும் வாளியைப் போட்டால் என்ன வரும்? அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1958இல் வெளியான பேட்டி ஒன்றில் சொல்லியிருக்கிறார். (அவரும் பூனைக்காரர். கீ வெஸ்ட்டில் அவர் வாழ்ந்த வீட்டில் இன்றும் ஆறு விரல் பூனைகள் திரிகின்றன.) இப்போது நான் காட்சியின் நடுவில் எழுந்துவிடுகிறேன். ‘மாமியார் கதவைத் திறந்தாள். கையில்’ என்று வாக்கியம் அறுந்து நிற்கும். கீழே எனக்காக இரண்டே சொல்: அடகுச் சீட்டு. காலையில் உட்கார்ந்ததும் கை தானாகப் போகிறது.

முதல் பக்கத்திலிருந்து படித்துத் திருத்திக்கொண்டு வருவது அடுத்த தவறு. என் முதல் நாவலில் முதல் அத்தியாயம் பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. ஐந்தாவது பிறக்கவே இல்லை. தபால் துறையில் பல வருடம் வேலை பார்த்த, மொத்தம் 47 நாவல் எழுதிய ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப், காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, முந்தின நாள் எழுதியதை மட்டும் அரை மணி நேரம் படிப்பாராம். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணிக்கு 250 சொல். அந்த அரை மணியை எடுத்துக்கொள்ளுங்கள், கடிகாரத்தை விட்டுவிடுங்கள்.

ஏனென்றால், ஆங்கிலக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே தூக்கிவருவதும் தவறுதான். ஒரு மாதத்தில் 50,000 சொல், அதாவது நாளுக்கு 1,667 என்ற இலக்கை வைத்துக்கொண்டு நானும் மூச்சு வாங்கியிருக்கிறேன். ‘வந்துகொண்டிருந்தவனிடமிருந்து’ நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஐந்தாறு சொல்லாவது வேண்டும். நமக்கு 600 சொல் வந்தாலே நல்ல நாள்.

சரி, பூனைக்கு வருவோம். மேசையிலிருந்து தள்ளிவிடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. தள்ளினால் அது விளையாட்டாகிவிடும், திரும்பி வரும். பூனையின் உடல் சூடு 38, 39 டிகிரி. நமக்கு இதமாக இருக்கும் அறை அதற்குச் சற்றுக் குளிர். லேப்டாப்போ வெதுவெதுப்பாக, அதுவும் உங்கள் கண் போகிற இடத்தில் இருக்கிறது. கையெட்டும் தூரத்தில் ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே மடித்த பழைய நூல் புடவை. அம்மிணிக்கு அது பழக நான்கு நாள் ஆனது. (சித்திரை வந்தால் பெட்டியும் வேண்டாம், தரைதான்.)

கண் விழித்ததும் தட்டில் சோறு வைப்பது இதைவிட மோசம். பூனைகள் விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். நாமும் அந்த விடியலைத்தான் எழுத்துக்கு ஒதுக்குகிறோம். கத்தியதும் சாப்பாடு கிடைத்தால், நாலரை மணிக் கத்தல் நாலு மணிக் கத்தலாகும். நான் கற்றுக்கொடுத்ததுதான் அது. இப்போது பல் தேய்த்து, டீ குடித்து, பத்து நிமிடம் கயிற்றை இழுத்து ஓடவிட்டு, அதன் பிறகே தட்டு. வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பது பூனையின் வரிசை. அது தூங்கும்போது நான் எழுதுவேன். ஒரு நாள் நான் செல்போனை நோண்டிக்கொண்டு நின்றால், அம்மிணி மேசையடியில் போய் நின்று அதட்டுகிறாள்.

அந்தக் கயிற்றை விளையாட்டு முடிந்ததும் உள்ளே வையுங்கள். நூல், ரப்பர் பேண்ட் விழுங்கினால் குடலில் சிக்கும். தலைவலி மாத்திரை அதைவிட ஆபத்து: பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். மேசையில் லில்லிப் பூவும் வேண்டாம். பால் பல பூனைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றால் போகும்.

கடைசியாக, விட்டுப்போன நாளின் கணக்கை மறுநாள் இரட்டிப்பாக அடைக்கப் பார்ப்பது. அது கந்துவட்டி மாதிரி ஏறிக்கொண்டே போய், மூன்றாம் நாள் நோட்டைத் தொடவே பயமாக இருக்கும். எங்கள் இன்னொரு பூனை சுப்பனுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடிய நாளில், வெளி பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் மூன்று வரி தட்டினேன். மறுநாள் அதில் இரண்டை அடித்துவிட்டேன். மிச்சமிருந்த ஒன்றிலிருந்துதான் பதினெட்டாவது அத்தியாயம் கிளம்பியது.