மாத்திரை அட்டையில் எந்தப் பெயரைப் பார்ப்பது?

ஏற்காட்டிலிருந்து பெரியம்மா பதறிப்போய் போன் செய்தார். சர்க்கரை மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். மூன்று நாளாக மாத்திரையே போடவில்லை.

"பெரியம்மா, முதல்ல அட்டையப் பாருங்க" என்றேன். கம்பெனி வைத்த பெயரோடு மெட்ஃபார்மின் என்று மருந்தின் பெயரும் இருக்கும். தேடும்போது அதைத்தான் போட வேண்டும். கம்பெனிப் பெயரைப் போட்டால் விற்கிற கடைகள்தான் வரிசை கட்டும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ் தளத்தில் எளிய ஆங்கிலத்தில் விளக்கம் உண்டு. பேரன் படித்துச் சொன்னான். கிட்னி ஏற்கெனவே பழுதானவர்களுக்கு இந்த மருந்தின் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். அதுதான் திரிந்து வாட்ஸ்அப்பில் ஏறியிருக்கிறது! சரி, பெரியம்மாவுக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சேலத்துக்கு இறங்கி வரச் சொல்லிவிட்டேன்.

மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால், டாக்டரிடம் காட்டுவதோடு 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது.

அப்புறம், நாலு மாத்திரை மட்டும் வெட்டி வாங்கினால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி கடைக்காரரிடமே தங்கிவிடலாம். பில்லைக் கேட்டு வாங்குங்கள்.