பெரிய பகா எண்ணா? சறுக்கும் இடங்கள்

ஒற்றைப்படை எண், கடைசி இலக்கம் 5 இல்லை, இலக்கங்களின் கூட்டலும் 3-ஆல் வகுபடவில்லை. சரி, பகா எண்தான் என்று முடிவு கட்டிவிடுவோம். 91-லேயே இது கவிழ்ந்துவிடும், அது 7 × 13.

இதைவிட நைசாக ஏமாற்றுவது 2-இன் அடுக்குகள். அடுக்கில் 2, 3, 5, 7 போட்டு 1-ஐக் கழித்தால் 3, 7, 31, 127. எல்லாமே பகா எண்கள். அடுத்து 11 போட்டால் 2047, அதாவது 23 × 89. விடை பகா எண்ணாக வர அடுக்கும் பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. பிரெஞ்சுக் கணிதர் மெர்சென்னே, இப்படிப் பகா எண் தரும் அடுக்குகள் என்று 1644-இல் கொடுத்த பட்டியலில் 67-ஐயும் சேர்த்திருந்தார். 2⁶⁷ − 1 பகு எண் என்று 1876-இல் லூக்காஸ் காட்டினார். காரணிகளைக் கண்டுபிடித்தது கோல், 1903-இல்: 193707721 × 761838257287. ஓர் எண் பகு எண் என்று சொல்ல அதன் காரணி கையில் இருந்தாக வேண்டும் என்பதும் தவறான எண்ணம்தான். பகு எண் என்று காட்டுவதும் காரணியைக் கண்டுபிடிப்பதும் வேறு வேறு வேலை, இரண்டாவது மிகக் கடினம்.

சரி, காரணி தேடாமல் எப்படிச் சொல்வது? பலரும் முதலில் எடுப்பது ஃபெர்மா சோதனை. ஒற்றைப்படைப் பகா எண் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். மீதி 1 வந்தால் பகா எண்தான் என்று இதைத் திருப்பிப் படிப்பதில்தான் வம்பு. 341-ஐப் பாருங்கள். 2¹⁰ = 1024 = 3 × 341 + 1. மீதி 1. 2³⁴⁰ என்பது 2¹⁰-இன் 34-ஆம் அடுக்கு, அதனால் அங்கேயும் மீதி 1. ஆனால் 341 = 11 × 31! 2-க்குப் பதில் 3-ஐ வைத்தால் மீதி 56 வந்து குட்டு உடைகிறது. 561-இடம் அதுவும் எடுபடாது. அதனுடன் பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்தை (அடுக்குக்கு உயர்த்தும் எண்ணை) வைத்தாலும் மீதி 1-தான். அதனால்தான் ஃபெர்மா சோதனையையே இன்னும் கடுமையாக்கிய மில்லர்–ராபின் சோதனை. 2⁶⁴-க்குள் என்றால் 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களை அடிமானமாக வைத்தாலே முடிவு உறுதி.

கணினியில் நிரல் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு குழி இருக்கிறது. 2⁶¹ − 1, அதாவது 2305843009213693951, பகா எண். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்ணாக வைத்தால் கடைசி 951 உள்ளே 952 ஆகிவிடும். 2-ஆல் வகுத்தால் மீதி 0! இதுபோன்ற நேரத்தில் சோதனை நிரலைத் திட்டிக்கொண்டே அரை நாளைத் தொலைத்திருக்கிறேன். 2⁵³-ஐத் தாண்டினால், பெரிய முழு எண்களுக்கென்றே அதில் உள்ள பிக்இன்ட் வகைதான். பைத்தானில் முழு எண் சிதையாது, ஆனால் காரணியை எதுவரை தேடுவது என்று அறிய வர்க்கமூலத்தைத் தசம எண்ணாக எடுத்தால் அங்கேயும் இதே கதை.

அப்புறம், 2024-இல் பகா எண் என்று அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. 41024320 இலக்கங்கள். இவ்வளவு பெரிய எண் ரகசியக் குறியீட்டுக்கு அருமையாக இருக்குமே என்று கேட்பார்கள். ஆர்எஸ்ஏ என்ற ரகசியக் குறியீட்டு முறைக்கு வேண்டியது சில நூறு இலக்கங்களில், யாருக்கும் தெரியாமல் எடுத்த இரண்டு பகா எண்கள். இதுவோ உலகுக்கே தெரிந்த எண், அதுவும் இருமத்தில் எழுதினால் வெறும் 1, 1, 1 என்று 136279841 முறை.