லினக்ஸ் கெர்னலில் செய்யும் மாற்றம் மடிக்கணினியின் மின்செலவைக் குறைக்கிறதா? அளந்து பார்க்கும் முறை

மடிக்கணினி புராசசர் சும்மா இருக்கும்போது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிகக் குறைவு. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் செய்யும் மாற்றத்தால் அதில் மிச்சமாவது இன்னும் குறைவு. ஆகவே புதிய கெர்னலைப் போட்டு, பேட்டரி அளவைப் பார்த்து, முன்பைவிட நன்றாக இருப்பதாக முடிவு கட்டுவதில் பொருளில்லை. இரண்டு கெர்னல்களுக்கு இடையே ஒன்றே ஒன்று மட்டும் மாறியிருக்க வேண்டும். அளவீட்டின் இயல்பான ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பதிவில் 6.2 பதிப்பில் சேர்ந்த லேசி ஆர்சியு என்ற வசதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இன்டெல் புராசசர் உள்ள மடிக்கணினியில் இந்தச் சோதனையைச் செய்யும் முறையைப் பார்ப்போம். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி எழுதியுள்ளேன். டெர்மினலில் ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

முதலில், சோதிக்கப்போகும் மாற்றம் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்வது அவசியம். கெர்னல் தன் தரவில் ஒரு பகுதியை மாற்றும்போது, பழைய பிரதியைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் அனைவரும் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகே அந்த நினைவகத்தை விடுவிக்கிறது. இந்தக் காத்திருப்பைக் கவனித்துக்கொள்ளும் பகுதிதான் ஆர்சியு. விடுவிக்கும் வேலை அவசரமானதன்று. ஆயினும் அதற்காக உறங்கும் புராசசர் அடிக்கடி விழிக்க நேர்கிறது. லேசி ஆர்சியு இத்தகைய வேலைகளை ஏறத்தாழ 10 விநாடிகள் வரை சேர்த்துவைத்து ஒன்றாக முடிக்கிறது. நினைவகத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் முன்னதாகவே முடித்துவிடுகிறது. எனவே மின்செலவு குறைய வேண்டுமென்றால் விழிப்புகள் குறைய வேண்டும், ஆழ்ந்த உறக்க நிலையில் கழியும் நேரம் கூட வேண்டும். இந்த எதிர்பார்ப்பை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இரண்டு கெர்னல்களைத் தயாரித்தல்

உங்கள் உபுண்டுவோடு அல்லது ஃபெடோராவோடு வந்த கெர்னலையும் நீங்கள் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்த (உருவாக்கிய) கெர்னலையும் ஒப்பிடாதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அவ்விரண்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான அமைப்புகள் வேறுபடலாம். ஒரே மூலநிரலிலிருந்து, ஒரே கம்பைலரைக் கொண்டு இரண்டையும் நீங்களே உருவாக்குங்கள். வழக்கமாகப் பயன்படுத்தும் யுஎஸ்பி கருவிகளையெல்லாம் இணைத்துவிட்டு ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ கட்டளையை இயக்கினால், தற்போது பயன்பாட்டிலுள்ள மாட்யூல்கள் (தேவைக்கேற்பக் கெர்னலில் சேரும் துணைப் பகுதிகள்) மட்டும் தேர்வாகும்; கம்பைல் ஆகும் நேரம் வெகுவாகக் குறையும்.

இரண்டு கெர்னல்களிலும் ‘ஆர்சியு நோசிபி சிபியு’ என்ற விருப்பத்தை இயக்குங்கள். ‘ஆர்சியு லேசி’ விருப்பம் ஒன்றில் மட்டும் இருக்கட்டும். உள்ளூர்ப் பதிப்புப் பெயராக ஒன்றுக்கு ‘பேஸ்’ என்றும் மற்றதற்கு ‘லேசி’ என்றும் கொடுத்தால், பூட் ஆன பிறகு எந்தக் கெர்னலில் இருக்கிறோம் என்ற குழப்பம் வராது. இன்னொன்றும் தேவை: இந்த வசதி, ஆர்சியு வேலைகளைத் தனித் த்ரெட்களுக்கு (தனியே ஓடும் பணிகளுக்கு) ஒப்படைத்த கோர்களில் (புராசசரின் கணக்கிடும் அலகுகளில்) மட்டுமே செயல்படும். ஆகையால் இரண்டு கெர்னல்களுக்கும், கணினி தொடங்கும்போது தரப்படும் பூட் அளவுருவாக ‘ஆர்சியு நோசிபிஸ்’ மதிப்பை ‘ஆல்’ என்று கொடுக்க வேண்டும். இதைக் கொடுக்காவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்; வசதியில் பயனில்லை என்று தவறாக முடிவு செய்துவிடுவீர்கள்.

கையொப்பமிடாத கெர்னலை செக்யூர் பூட் என்ற தொடக்கநேரப் பாதுகாப்பு ஏற்காது என்பதால், சோதனை முடியும்வரை அதை அணைத்துவையுங்கள். பழைய கெர்னலை, தொடக்கத்தில் கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் க்ரப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம்.

படி 2: அளக்கும் கருவிகள்

2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறை முதல் இன்டெல் புராசசர்களில் ராப்பெல் என்ற ஆற்றல் எண்ணி இருக்கிறது. புராசசர் பேக்கேஜ் (முழுச் சில்லும்) இதுவரை செலவிட்ட ஆற்றலை மைக்ரோஜூலில் அது காட்டும். சிஸ் கோப்பகத்தில் பவர்கேப் பகுதிக்குள் இருக்கும் இந்த எண்ணைத் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் படித்து, வித்தியாசத்தை விநாடிகளால் வகுத்தால் சராசரி வாட் கிடைக்கும். 300 விநாடிகளில் 450 ஜூல் செலவானால் 1.5 வாட். இந்த எண்ணி ஓர் உச்சத்தை அடைந்ததும் மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும் என்பதால், வித்தியாசம் எதிர்மறையாக வந்தால் அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். 2020இல் வெளியான பிளாட்டிபஸ் என்ற தாக்குதல், ஆற்றல் அளவுகளைக் கொண்டே ரகசியச் சாவிகளை ஊகிக்க முடியும் என்று காட்டியது. அதன் பிறகு முழு அதிகாரமுள்ள ரூட் பயனர் மட்டுமே இந்த எண்ணைப் படிக்க முடிகிறது.

நடைமுறையில் டர்போஸ்டாட் போதும். கெர்னல் மூலநிரலிலேயே இருக்கும் இக்கருவி, பேக்கேஜ் வாட், ஒவ்வொரு உறக்க நிலையிலும் கழிந்த நேரத்தின் விழுக்காடு, இன்டரப்ட் (புராசசரை வேலைக்கு அழைக்கும் குறிப்பு) எண்ணிக்கை ஆகியவற்றை ஒரே அட்டவணையில் தருகிறது. ஆனால் அது ஒவ்வொரு முறை அளக்கும்போதும் எல்லாக் கோர்களையும் தட்டி எழுப்பும். விநாடிக்கொரு முறை அளந்தால் அளக்கும் வேலையே மின்செலவாகிவிடும். இடைவெளியை 300 விநாடியாக வையுங்கள்.

ராப்பெல் பேக்கேஜ் எண்ணில் திரை, வைஃபை, எஸ்எஸ்டி ஆகியவற்றின் செலவு சேராது. எனவே சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரி தெரிவிக்கும் மின்திறனையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் எண் மெதுவாகப் புதுப்பிக்கப்படுவதால், ஒரு தடவை பார்த்ததை எடுக்காமல் நீண்ட நேரச் சராசரியை எடுக்க வேண்டும். 2011இல் 2.6.38 பதிப்பு வந்தபோது பல மடிக்கணினிகளின் மின்செலவு திடீரென உயர்ந்தது நினைவிருக்கலாம். பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளை ஓய்வில் வைக்கும் ஏஎஸ்பிஎம் வசதியைக் கெர்னல் கையாண்ட விதம் மாறியதே அதற்குக் காரணம். இப்படிப் புராசசருக்கு வெளியே நிகழும் இழப்பைப் புராசசரின் எண் மட்டும் முழுமையாகச் சொல்லாது.

படி 3: சூழலை நிலைப்படுத்தி, ஏற்ற இறக்கத்தை அறிதல்

தானியங்கிப் புதுப்பிப்புகள், கோப்பு அட்டவணைப்படுத்தல், புளூடூத் ஆகியவற்றை நிறுத்துங்கள். பவர் புரொஃபைல், திரை வெளிச்சம், அறையின் வெப்பநிலை ஆகியவை எல்லாச் சுற்றுகளிலும் ஒன்றாகவே இருக்கட்டும். சூடான சில்லு சும்மா இருக்கும்போதும் கூடுதலாக மின்சாரம் கசியவிடும். பூட் ஆனதும் 10 நிமிடங்கள் காத்திருங்கள்.

இப்போது ‘பேஸ்’ கெர்னலை மட்டும், ஒவ்வொரு முறையும் மறுபடி பூட் செய்து, ஐந்து சுற்றுகள் அளவிடுங்கள். பலரும் பொறுமையின்றித் தவிர்க்கும் இந்த வேலைதான் என் கணிப்பில் முழுச் சோதனையிலும் முக்கியமானது. ஒரே கெர்னல் 1.42 முதல் 1.50 வாட் வரை காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், பிறகு காணும் 0.05 வாட் வித்தியாசத்தை ஒரு சுற்றை வைத்து நம்ப முடியாது.

படி 4: மாற்றி மாற்றி அளத்தல்

பேஸ், லேசி, பேஸ், லேசி என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். முதலில் ஒன்றையே முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால், இடையில் அறை சூடாவதுகூட கெர்னலின் குணமாகத் தோன்றும். முழு ஓய்வில் ஒரு தொகுதி, மெல்லிய வேலையில் ஒரு தொகுதி என இரண்டும் தேவை. கோப்புகள் அவ்வப்போது திறந்து மூடப்படும் மெல்லிய வேலையில்தான் லேசி ஆர்சியு சேர்த்துவைக்க ஏதாவது இருக்கும். ஒரே வீடியோவை உள்ளகச் சேமிப்பிலிருந்து ஓட்டுவது போதும். ஆனால் கம்பைல் போன்ற கனமான வேலையைச் சோதிப்பதானால் வாட்டைப் பார்க்காமல், வேலை முடியும்வரை செலவான மொத்த ஜூலைப் பாருங்கள். அதிக வாட் எடுத்து விரைவில் முடித்து உறங்கப்போகும் கெர்னல் மொத்தத்தில் சிக்கனமானதாக இருக்கலாம்.

படி 5: எண்களைப் படித்தல்

வாட் குறைந்ததா என்பதற்கு முன், இன்டரப்ட் எண்ணிக்கையும் ஆழ்ந்த பேக்கேஜ் உறக்க விழுக்காடும் எதிர்பார்த்த திசையில் நகர்ந்தனவா என்று பாருங்கள். அவை அசையாமல் வாட் மட்டும் குறைந்திருந்தால், சூழலில் வேறேதோ மாறியிருக்கிறது என்றே கொள்ளுங்கள். விழிப்புகள் குறைந்தும் வாட் குறையவில்லையென்றால், வேறொரு கருவி ஆழ்ந்த உறக்கத்தைத் தடுக்கிறதா என்று பவர்டாப் என்ற மின்செலவை ஆராயும் கருவியைக் கொண்டு தேடலாம்.

புதிய பதிப்பில் மின்செலவு கூடியிருப்பதைக் கண்டு காரணத்தைத் தேடுகிறீர்கள் என்றால் மூலநிரல் மாற்றங்களின் வரலாற்றில் தேடும் ‘கிட் பைசெக்ட்’ கட்டளை உதவும். ஒரு வெளியீட்டில் 10,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் பாதியைக் கழித்துக்கொண்டே போவதால் ஏறத்தாழ 14 சுற்றுகளில் குற்றவாளி சிக்கும். ஆனால் நடுவில் ஒரே ஒரு சுற்றில் நல்லதைக் கெட்டது என்று குறித்துவிட்டாலும் தேடல் தொடர்பற்ற மாற்றத்தில் போய் நிற்கும் என்பதால், எல்லைக்கோட்டில் வரும் அளவுகளை மூன்று முறையாவது திரும்ப எடுங்கள். முடிவை உருவாக்குநர்களுக்கு அனுப்பும்போது புராசசர் மாதிரி, கெர்னல் பதிப்பு, பூட் அளவுருக்கள், கான்ஃபிக் கோப்பு ஆகியவற்றோடு, சராசரியை மட்டுமன்றி ஒவ்வொரு சுற்றின் எண்ணையும் சேர்த்தே அனுப்புங்கள்.