பிரிண்டர் மக்கர் செய்தால் முதலில் கை வைக்கக் கூடாத இடங்கள்

மறுநாள் காலை பரீட்சை. ராத்திரி பத்து மணிக்கு ஹால் டிக்கெட்டை அடித்தால் பிரிண்டர் கோடு கோடாகத் துப்புகிறது. தெருமுனை ஜெராக்ஸ் கடையோ மூடியாகிவிட்டது. அந்தப் பதற்றத்தில் எல்லோர் கையும் மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் 'ஹெட் கிளீனிங்' பக்கம்தான் போகும். கோளாறு எங்கே என்று பார்க்காமலே மருந்து கொடுக்கிற வேலை இது.

ஸ்கேனர் உள்ள பிரிண்டர் என்றால் இரண்டு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். கண்ணாடி மேல் ஒரு தாளை வைத்து, கம்ப்யூட்டரைத் தொடாமல், பிரிண்டரிலேயே ஒரு ஜெராக்ஸ் எடுங்கள். நகல் சுத்தமாக வந்தால் மையிலும் ஹெட்டிலும் பழுதில்லை. கோளாறு கம்ப்யூட்டரிலோ வைஃபையிலோ இருக்கிறது. நகலும் கோடு விழுந்து வந்தால்தான் ஹெட் பக்கம் போக வேண்டும். அப்போதும் முதலில் எடுக்க வேண்டியது நாசில் செக், அதாவது ஹெட்டின் மைத்துளைகளைச் சோதிக்கும் பக்கம். நான்கு நிறக் கட்டங்களில் எந்த நிறத்தில் இடைவெளி விழுகிறது என்று அதில் பளிச்சென்று தெரியும்.

இடைவெளி இருந்தால் ஒரு கிளீனிங், உடனே இன்னொரு நாசில் செக். இப்படி மூன்று முறை போதும். நான்கு, ஐந்து, ஆறு என்று அழுத்திக்கொண்டே போவதுதான் வீட்டில் நடக்கிற பெரிய நாசம். ஒவ்வொரு கிளீனிங்கும் டேங்கிலிருந்து மையை உறிஞ்சி, பிரிண்டரின் அடியில் இருக்கும் பஞ்சுக்குத் தள்ளுகிறது. மூன்று முறைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் எப்சன் இங்க் டேங்க் மாடல்களில் குறைந்தது 12 மணி நேரம் பிரிண்டரைத் தொடாமல் விட்டு, பிறகு பாருங்கள். காய்ந்த மை இளக, குழாயில் சிக்கிய காற்றுக் குமிழ் ஒதுங்க அந்த நேரம் வேண்டும். கடைசி ஆயுதமான பவர் கிளீனிங்கை, எல்லா டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இருந்தால் மட்டும் கொடுங்கள். குறைவாக இருந்தால் மைக்குப் பதில் காற்றை இழுத்து, இருந்த நிறமும் போகும்.

அந்த அடிப் பஞ்சு நிரம்பிவிட்டதாகக் கணக்கு வந்ததும் பிரிண்டர் தானாக வேலைநிறுத்தம் செய்யும். இணையத்தில் கிடைக்கும் ரீசெட்டர் மென்பொருளை ஓட்டினால் கணக்கு பூஜ்யமாகும், பிரிண்டரும் ஓடும். ஆனால் பஞ்சு நனைந்தபடியேதான் இருக்கும். சில மாதத்தில் மேஜை விரிப்பில் கறுப்பு நீலக் கறை. ரீசெட் செய்கிற அன்றே பஞ்சையும் மாற்றிவிடுங்கள்; உங்கள் மாடல் எண்ணைச் சொல்லி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

மை ஊற்றுவதிலும் சிக்கனம் என்ற பெயரில் ஒரு தப்பு உண்டு. கேனான் ஜி வரிசை போன்ற சில மாடல்களில் கறுப்பு மை பிக்மென்ட் (நுண்துகள் மை), கலர் மை டை (கரைந்த சாயம்). 'எல்லா பிரிண்டருக்கும் பொருந்தும்' என்று எழுதிய பாட்டிலை அப்படியே கவிழ்த்தால் இரண்டும் கலந்து ஹெட்டில் கட்டிக்கொள்ளும். மையின் எண்ணும் மாடல் எண்ணும் பொருந்துகிறதா என்று பாட்டிலைத் திறக்கும் முன் பாருங்கள். டேங்கில் கீழ்க்கோட்டைத் தாண்டி மை இறங்கவும் விடக் கூடாது.

கோடு விழுவதற்கு இன்னொரு காரணம் சுவர் ஸ்விட்ச். வேலை முடிந்ததும் பிளக் பாயின்ட்டை அணைத்துவிட்டுப் படுக்கப் போவது நம் வீட்டுப் பழக்கம். பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தி அணைத்தால் ஹெட் வலது ஓரம் போய் ரப்பர் மூடியில் உட்காரும். அச்சடிக்கும்போதே சுவரில் அணைத்தால் நடுவழியில் திறந்தபடி நின்று காயும். முதலில் பட்டன், விளக்கு அணைந்த பிறகே சுவர் ஸ்விட்ச். வாரத்துக்கு ஒரு கலர் பக்கம் அடித்தாலே ஹெட் எளிதில் அடைபடாது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவர்களுக்கு இது புரியும்.

தாளை நம் ஊரில் யாரும் சந்தேகப்படுவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, மற்ற மாதங்களில் கடல் காற்றின் ஈரம். பின்தட்டில் நாள்கணக்கில் நிற்கும் தாள் ஈரம் குடித்து வளைந்து, இரண்டு மூன்றாக உள்ளே போகும். 500 தாள் கட்டைப் பிரித்ததும் மீதியை அதன் உறையிலேயே மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். தட்டில் அன்றைக்குத் தேவையானது மட்டும் இருக்கட்டும்; போடும் முன் விசிறிப் பிரித்துத் தட்டி வையுங்கள். திறந்த பின்தட்டில் தாள் மட்டுமா விழும்? ரப்பர் பேண்டு, ஹேர்பின், சில வீட்டில் பல்லி.

தாள் சிக்கினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, தாளின் இரு ஓரத்தையும் பிடித்து, அது போகிற திசையிலேயே மெல்ல இழுக்க வேண்டும். எடுத்த துண்டுகளை மேஜையில் ஒட்டவைத்துப் பாருங்கள். ஒரு மூலை குறைந்தாலும் அது இன்னும் உள்ளேதான். திறந்திருக்கும்போது ஹெட் ஓடும் பாதைக்கு இணையாக, கண்ணாடிபோல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை இடம் வலமாக நீண்டிருக்கும். 'என்ன இது, அழுக்கு நாடா' என்று துடைக்கவோ இழுக்கவோ போகாதீர்கள். தான் எங்கே நிற்கிறோம் என்பதை ஹெட் அதிலுள்ள நுண்கோடுகளை வைத்துத்தான் அறிகிறது. மை ஒட்டிய கை பட்டால் ஹெட் குழம்பி ஓரத்தில் டமார் என்று மோதும். தாளே உள்ளே போகாமல் ரோலர் வழுக்கினால் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். தின்னரும் பெட்ரோலும் ரப்பரைக் கெடுக்கும்.

நகல் சரியாக வந்தும் கம்ப்யூட்டரிலிருந்து வரவில்லையா? பிரிண்ட் பட்டனைப் பத்து முறை அழுத்தாதீர்கள். பத்தும் வரிசையில் நிற்கும், ஒருநாள் பத்தும் வந்து விழும். விண்டோஸில் வரிசையைத் திறந்து எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள். ரத்தாகாமல் அடம்பிடித்தால் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் இந்த வரிசையைக் கவனிக்கும் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டரின் சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இருப்பதை மட்டும் அழித்து, ஸ்பூலரை மறுபடி ஓட்டுங்கள். ஃபோல்டரையே அழித்துவிடாதீர்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு 'ஆஃப்லைன்' என்று காட்டினால் பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போடுவது வீண் வேலை. ரவுட்டர் திரும்ப எழும்போது பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி (வைஃபைக்குள் அதன் கதவு எண்) கொடுத்திருக்கலாம். கம்ப்யூட்டர் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டர் செட்டிங்கில் பிரிண்டருக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வீட்டுப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபையை மட்டுமே பிடிக்கும். புது ரவுட்டர் மாட்டிய அன்றே பிரிண்டர் காணாமல் போனால், அந்த அலைவரிசை ரவுட்டரில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

லேசர் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டு யுபிஎஸ்ஸிலோ இன்வெர்ட்டரிலோ மாட்ட வேண்டாம். டோனர் தூளை உருக்கித் தாளில் ஒட்டும் ஃபியூசர் சூடேறும் கணத்தில் இழுக்கும் மின்சாரத்தை அவை தாங்காது. டோனர் தூள் சிந்தினால் உலர்ந்த துணி, பிறகு குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் தூள் உருகி, சட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.